இல்லாத பூனைக்கு இரங்கல்

மாலை ஆனால் போதும், அந்தத் தையல் கடையில் மெஷின்கள் நின்றுவிடும். கைபேசியில் அருள்வாக்குச் சாமியார் முக்கண்ணார் எழுந்தருளிவிடுவார்! நேரலையில் ஆயிரக்கணக்கான பக்தர்கள். "அய்யா, எனக்கு?" "அய்யா, எனக்கு?" என்று ஒரே தள்ளுமுள்ளு.

கடைக்கார அக்காவுக்கு அவர்மேல் உயிர். இருக்காதா பின்னே? முகமே பார்த்திராத மனிதர், "முட்டிவலி, மாமியாரோடு மனத்தாங்கல், பிரிட்ஜ் ரிப்பேர்" என்று புட்டுப்புட்டு வைத்தாரே! அந்த மூன்றையும் அவளேதான் ஸ்டேட்டஸில் போட்டிருந்தாள். சீடர்கள் தன் நம்பரை எதற்கு வாங்கினார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் பக்தி குறைந்துவிடுமாம்.

இப்போது அருள்வாக்கு அவளுடைய தம்பிமேல் இறங்கியிருந்தது. கடல் கடந்த யோகம், கம்ப்யூட்டர் வேலை, டிக்கெட் அவர்கள் செலவு. வேலை தேடி அலுத்துப்போன தம்பி பெட்டி கட்டிவிட்டான். நாளை விமானம்.

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த நாத்தனார் கேட்டாள்: "எந்தக் கம்பெனி அண்ணி?"

"சாமிக்குத் தெரியும்டி."

"எந்த ஊரு?"

"அதுவும் சாமிக்குத் தெரியும். வாயைக் கழுவு!"

"ஒரே ஒரு பரீட்சை வைப்போம். தேறிட்டார்னா பெட்டியை நானே தூக்கிட்டு வர்றேன்." அண்ணியின் போனை வாங்கி ஸ்டேட்டஸ் போட்டாள்: 'எங்கள் செல்லப் பூனை முத்தழகி இறந்துவிட்டது.'

"நம்ம வீட்ல பூனையே கிடையாதேடி!"

"அது உங்க சாமிக்குத் தெரியாமலா போயிடும்?"

அன்று மாலை முக்கண்ணார் கண்ணீரோடு வந்தார். "தாயே! முத்தழகியை இழந்தாயே! இதோ, உன் மெஷினுக்குக் கீழேதான் படுத்திருக்கிறாள். உன் தம்பியை வழியனுப்ப வந்திருக்கிறாள்!"

அக்கா குனிந்து பார்த்தாள். வெட்டுத்துணிதான் கிடந்தது. "அடப்பாவி! பொறக்காத பூனைக்கு அழறானே!"

'எங்களுக்குப் பூனையே இல்லை. தம்பிக்கு எந்தக் கம்பெனி?' என்று எழுதினாள். ஞானக்கண் பட்டென்று மூடிக்கொண்டது. அவளைப் பக்தர் குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

தம்பி போலீசுக்குப் போன் போட்டான். "தப்பிச்சீங்க தம்பி," என்றார் அதிகாரி. "அங்க போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, அடைச்சு வச்சு, கம்ப்யூட்டர்ல ஊரை ஏமாத்தச் சொல்லி அடிப்பாங்க. அந்தாளுக்கு ஸ்டேட்டஸ் படிச்சுச் சொல்றதே அப்படிப் போய் மாட்டின பசங்கதான்."

அக்கா தம்பியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "என் கையாலேயே உன்னைப் பிடிச்சுக் கொடுக்க இருந்தேனேடா!"

மறுநாள் ஒரு வாடிக்கையாளர் வந்தார். "அக்கா, முக்கண்ணார் நம்பர் வேணுமே."

"தர்றேன். முதல்ல, இல்லாத பூனை ஒண்ணைச் சாகடிச்சுட்டு வாங்க!"

அந்த மூன்றாவது கண்ணைத் தினமும் திறந்துவிட்டது நம் கைதான். நமக்கென்று இருக்கிற இரண்டை எப்போது திறக்கப்போகிறோம்?