பெரியம்மாவின் பையும் அணைக்கரைக் காற்றும்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

அணைக்கரையில் அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். "பெரியம்மா, அந்தப் பையை மட்டும் லைட் ஸ்டாண்டிலேர்ந்து எடுத்துடாதீங்க." அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

புது ஊரும் புது வீடும் இதற்குள் உங்களுக்குப் பழகியிருக்கும் என்று நம்புகிறேன். அண்ணனும் அண்ணியும் நலமா? பெரியப்பாவின் தோள்வலி குறைந்திருந்தால் சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். அம்மா மட்டும், நலம் என்று சொல்லிக்கொள்கிறாள்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா" என்று நான் ஆரம்பிக்கும்போதெல்லாம் "அதை விடு, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிடுகிறீர்கள். கடிதத்தை நடுவில் நிறுத்திச் சாப்பிட்டாயா என்று கேட்க முடியாது. அதனால் எழுதுகிறேன். சொல்ல வந்தது இதுதான்: அம்மா அந்த லைட் பெட்டியை உங்கள் மேல் தள்ளிவிடவில்லை. விழாமல் பிடிக்கத்தான் ஓடி வந்தாள். கூடப் பிறந்தவளே தலையில் பெட்டியைத் தள்ளினாள் என்ற நினைப்போடு நீங்கள் விமானம் ஏறிப் போனதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

நீங்கள் அண்ணனோடேயே தங்கிவிடப் போகிறீர்கள் என்று தெரிந்ததும், அக்காவும் தங்கையுமாக ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்று கிளம்பியது நான்தான். தாத்தா வீட்டுத் தையல் மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இருவருக்குமே தைக்கத் தெரியாது என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் வீட்டுக்கு அம்மா வரமாட்டாள், எங்கள் வீட்டுக்கு நீங்கள் வரமாட்டீர்கள். என் ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னால், "அது அவ பொண்ணோட இடம்" என்றீர்கள். ஆக, யாருக்கும் சொந்தமில்லாத இடமாகத் தேடி அணைக்கரையைப் பிடித்தேன். அங்கே காற்று மட்டும்தான் குடியிருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. என் வேலை ஸ்டுடியோவுக்குள் செருப்பையும் சூட்கேஸையும் படம் எடுப்பது. அங்கே காற்று என்பது சுவிட்சைப் போட்டால் வருவது, அணைத்தால் போவது. செருப்புகளும் தங்கள் ஜோடியோடு கோபித்துக்கொள்வதில்லை.

அணைக்கரைக்குப் போனதற்கு முந்தைய நாள் நீங்கள் ரகசியமாகப் போன் செய்து, "நான் மூத்தவதான். ஆனா படத்துல அவளைவிட வயசானவளாத் தெரியக் கூடாது, பாத்துக்கோ" என்றீர்கள். வைத்த கையோடு அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அவளைவிட நான் குண்டாத் தெரிஞ்சா அந்தப் படத்தை வெளிய விடாதே" என்றாள். இரண்டையும் நிறைவேற்றக்கூடியது ஸ்டுடியோவிலேயே பெரிய அந்த சாஃப்ட் பாக்ஸ்தான். ஃப்ளாஷுக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டிய பெட்டி. அதற்குள்ளிருந்து வரும் வெளிச்சம் முகச் சுருக்கத்தையெல்லாம் தடவிக் கொடுத்துவிடும். வெட்டவெளியில் அது கப்பல் பாய் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சின்னதாக ஒன்று எடுத்துப் போயிருக்கலாம். ஸ்டாண்டைத் தாழ இறக்கி ஆட்களை உட்கார வைத்திருக்கலாம். பெட்டியையே கழற்றிவிட்டு வெறும் ஃப்ளாஷில் எடுத்திருக்கலாம். இரண்டு பேருக்கும் கொஞ்சம் சுருக்கம் தெரிந்திருக்கும். இப்போது யோசித்தால், தெரிந்தால்தான் என்ன?

காரிலிருந்து சாமான்களை இறக்கிய பிறகுதான், ஸ்டாண்டின் அடியில் கட்டித் தொங்கவிடும் மணல் பையை ஸ்டுடியோவிலேயே விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. பாரத்துக்கு என்ன செய்வது என்று சுற்றிப் பார்த்தால் உங்கள் தோளில் கைப்பை. பெரியம்மா, அந்தப் பையை உங்களுக்காக நான் எத்தனையோ முறை தூக்கியிருக்கிறேன். அதைவிட நல்ல மணல் பை கடையில் கிடைக்காது. "பாரத்துக்கு வேணும், குடுங்க" என்று கேட்டால் வருத்தப்படுவீர்களோ என்று, "குடுங்க பெரியம்மா, பத்திரமா மாட்டி வைக்கிறேன்" என்று வாங்கி ஸ்டாண்டில் தொங்கவிட்டேன். ஸ்டாண்டு அசையவே இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனால் நீங்கள் நின்ற பக்கத்திலிருந்து மட்டும். நான் கேமராவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். நீங்கள் இருவரும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டு என் வழியாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். "உங்கம்மாவைக் கொஞ்சம் நகந்து நிக்கச் சொல்லு." "எவ்வளவு நகரணும்னு உங்க பெரியம்மாகிட்ட கேளு. தண்ணிக்குள்ள இறங்கிடட்டுமா?" பெரியப்பா வேறு, "ரெண்டு பேரும் சிரிங்கம்மா, பத்திரத்துல கையெழுத்துப் போட வந்தவங்க மாதிரி நிக்காதீங்க" என்று ஊக்கப்படுத்திக்கொண்டிருந்தார். உண்மையில் நீங்கள் இருவருமே சிரிக்க ஆரம்பித்திருந்தீர்கள். உதட்டோரத்தில் அது வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கனியட்டும் என்று நான் காத்திருந்தேன். காத்திருக்காமல் அழுத்தியிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் கண் ஸ்டாண்டில் தொங்கிய பையின் மேல் விழுந்தது. "உங்க பெரியம்மா பையில அப்படி என்னதான் இருக்கு? கம்பியே வளையுது! வீட்டையே சுருட்டி எடுத்துட்டுப் போறாளா?" வேடிக்கையாகத்தான் சொன்னாள். அம்மாவுக்கு வேடிக்கையாகப் பேச இருக்கும் ஆசை அளவுக்கு அதற்கு ஏற்ற குரல் இல்லை, உங்களுக்குத் தெரியும். நீங்கள் முகம் மாறி, "நான் ஒண்ணும் அடுத்தவங்க வீட்டுச் சாமானைச் சுருட்டிட்டுப் போற ஆள் இல்லைன்னு சொல்லு. தையல் மெஷின் யார் வீட்டுல இருக்குன்னு ஊருக்கே தெரியும்" என்று விடுவிடுவென்று போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டீர்கள். நான் வாயைத் திறந்தேன். எடுக்காதீங்க என்றால், உங்கள் பையைப் பாரமாகத் தொங்கவிட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மானக்கேட்டை நான் யோசித்து முடிப்பதற்குள் காற்று யோசிக்காமல் வந்துவிட்டது.

ஸ்டாண்டு சாய்ந்தது. அம்மா ஓடி வந்து கம்பியைப் பிடித்தாள். நீங்கள் திரும்பிப் பார்த்தபோது உங்கள் கண்ணுக்குப் பட்டது, அம்மாவின் கையில் கம்பி, உங்கள் தலைக்கு மேல் பெட்டி. பெட்டி உங்கள் கொண்டையைத் தட்டிவிட்டு, ஃப்ளாஷோடு ஸ்டாண்டிலிருந்து கழன்று கரையோடு உருண்டு ஓடியது. பெரியப்பா "பிடி, பிடி" என்று யாரும் இல்லாத திசையைப் பார்த்துக் கத்திக்கொண்டே அதைத் துரத்திப் போய் விழுந்தார். பதற்றத்தில் நான் ஷட்டரை அழுத்திவிட்டேன். உருளும் பெட்டிக்குள்ளிருந்து ஃப்ளாஷ் எரிந்தது. அன்றைக்குத் தேறிய ஒரே படம் அதுதான்: வாயைப் பிளந்தபடி பாதி ஓட்டத்தில் பெரியப்பா, ஒரு சுருக்கம்கூட இல்லாமல். நான் எடுத்ததிலேயே அழகான வெளிச்சம் அது என்று ஸ்டுடியோ முதலாளி சொல்கிறார்.

"தள்ளிட்டா பாரு, தள்ளிட்டா" என்று சொல்லிக்கொண்டே நீங்கள் காரில் ஏறினீர்கள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததையே நீங்கள் சாட்சியாக எடுத்துக்கொண்டீர்கள். பெரியம்மா, காற்று தெரிந்தும் பெரிய பெட்டியை எடுத்து வந்தது நான், மணல் பையை மறந்தது நான், உங்கள் பையைப் பொய் சொல்லி வாங்கியது நான். கோபத்தை என் பேருக்கு மாற்றி எழுதிவிடுங்கள். அம்மாவுக்கு ஒரு போன் செய்யுங்கள். அவள் எடுத்ததும் பேசமாட்டாள், வைத்துவிடாதீர்கள்.

பெரியப்பாவுக்கும் உங்களுக்கும் என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைத் திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டும் அளவுக்குத் தெம்போடு இருங்கள்.

என்றும் உங்கள் அன்பை எதிர்பார்க்கும்,
தங்கை மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "தப்பா எழுதியிருக்கே" என்றாள். "பிடிக்கத்தான் ஓடினேன். பிடிக்கவும் பிடிச்சுட்டேன், கெட்டியா. அப்பத்தான் அவ என் மூஞ்சியைப் பாத்து, 'எப்பவுமே உனக்கு அவசரம்தாண்டி, சின்னவளே'ன்னா. இத்தனை வருஷத்துல நேரா என்கிட்ட பேசின மொதப் பேச்சு. கையை விட்டுட்டேன்."

"கோபத்துலயாம்மா?"

"தெரியல. விட்டுட்டேன். அதையும் எழுது."

எழுதிவிட்டேன். ஆகவே மேலே உள்ளதில் பாதியை அடித்துவிட்டுப் படியுங்கள்.

நீங்கள் கிளம்பிய அன்று, அம்மாவுக்குத் தலைவலி, வரவில்லை என்று விமான நிலையத்தில் உங்களிடம் சொன்னேன். வந்திருந்தாள். வெளியே கார் நிறுத்துமிடத்தில், வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் தையல் மெஷின் இருந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் நாங்கள் இருவருமாக அதைத் தூக்கிப்போய், மாடிப்படி மூலையில் பழைய இடத்திலேயே வைத்தோம்.