அம்சவல்லிக்கு ஒரு செக் ஷீட்

அம்சவல்லி ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு சொம்பு மொண்டாள்.

கோதண்டராமனுக்குச் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. சாயங்காலத்திலிருந்து இது நாலாவது சொம்பு.

"இன்னா அம்சா, இந்தக் குடி குடிக்கிற?"

"தாகமா கீது, குடிக்கிறேன். மண்ணூர்ல தண்ணிக்குக் கூட ரேஷன் போட்டுட்டாங்களா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டுவிட்டுப் போகிற ஆள் அவர் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு பிரேக் குழாய் செய்யும் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். குழாயில் தலைமயிர் அளவு கீறல் இருந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். இப்போதெல்லாம் கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. ட்யூப்லைட் வெளிச்சம் போதவில்லை என்று எலக்ட்ரிஷியனுக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்த வாரம்தான் கேன்டீன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சர்க்கரை நோயின் ஆரம்ப அறிகுறிகள். அடங்காத தாகம், அடிக்கடி ஒண்ணுக்குப் போவது, காரணமில்லாத களைப்பு, மங்கலான பார்வை, ஆறாத புண். கையில் மோர் டம்ளரோடு நின்று படித்த கோதண்டராமனுக்கு, ஒவ்வொரு வரியிலும் அம்சவல்லி முகம்தான் தெரிந்தது.

ராத்திரியில் அவர் பாத்ரூம் போய்விட்டு வரும்போதெல்லாம் அவளும் எழுந்து உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அவர் வந்து அப்பாடா என்று பாயில் சாய்ந்தால், அவளும் பக்கத்தில் வந்து சாய்ந்து, "முடியல, கைகாலெல்லாம் ஓய்ஞ்சி போவுது" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அவர் கேட்டிராத வாக்கியம் அது. விடியற்காலையில் இரண்டு மாடு கறந்து, பால் ஊற்றிவிட்டு வந்து, அவருக்கு டிபன் கட்டிக் கொடுத்து, நூறு நாள் வேலைக்கும் போய் வருகிறவள்.

அவர் லைனில் தணிகாசலம் என்று ஒருவர் இருந்தார். சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டு, கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். "முன்னாடியே பாத்திருந்தா வெரலு தப்பிச்சிருக்கும் கோதண்டம்" என்று அவர் சொன்னது கோதண்டராமனுக்கு இப்போது தூக்கத்தில்கூடக் கேட்டது. ஒரே பெண் ஐஸ்வர்யாவைக் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். அம்சவல்லி இல்லாத வீட்டுக்குள் தான் எப்படி நுழைவோம் என்று நினைத்துப் பார்த்தார். நினைப்பு அவ்வளவு தூரம் போகவே மறுத்தது.

பயம் வந்தால் சிலர் சாமியைக் கும்பிடுவார்கள். கோதண்டராமன் செக் ஷீட் போட்டார்.

கம்பெனி தாளில் கட்டம் கட்டி, ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று நாளை மூன்றாகப் பிரித்து, தண்ணீர், பாத்ரூம், களைப்பு, எரிச்சல் என்று தலைப்புப் போட்டு டிக் அடிக்க ஆரம்பித்தார். பகலில் அவர் வேலையில் இருந்ததால், எதிர்வீட்டு ராஜம்மாவிடம் போனில் விசாரித்து ஏ ஷிப்டை நிரப்பினார்.

ஒரு வாரத்துத் தாளைப் பார்த்தபோது அவருக்கு வியர்த்தது. பிரேக் குழாயாக இருந்தால் மொத்த லாட்டையும் நிறுத்தியிருப்பார்.

"அம்சா, ஒரு எட்டு போயி ரத்தம் குடுத்துட்டு வந்துரலாமா?"

"எதுக்கு?"

"சும்மாதான். எல்லாரும் பாத்துக்கிறாங்க."

"எல்லாரும்னா நீயுந்தான். மொதல்ல நீ குடு. அப்பால நான் குடுக்கிறேன்."

கோதண்டராமன் உடனே மாட்டுக்குத் தவிடு வைத்தாயா என்று கேட்டு எழுந்து போனார். ஊசி என்றால் அவருக்குக் கண் இருட்டும். கம்பெனியில் வருஷா வருஷம் நடக்கும் மெடிக்கலில் மூன்று வருஷமாக அவர் சிக்கவில்லை. ஒரு வருஷம் திருப்பதி. ஒரு வருஷம் சி ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார். போன வருஷம் ஸ்டோரில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் மத்தியானம் வரை ஸ்டாக் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆகவே ஊசி இல்லாத வழியாகத் தேடினார். வழி தானாகவே மோகன் உருவத்தில் வந்தது. மோகன் பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்துகொண்டே சத்துமாவு ஏஜென்ட்டாகவும் இருந்தான். அவருடைய கிளிப்போர்டை எட்டிப் பார்த்தான்.

"இது எந்தப் பார்ட்டுண்ணே? இவ்ளோ ரிஜெக்‌ஷன் கீது?"

"வூட்டுப் பார்ட்டுப்பா" என்றார் கோதண்டராமன்.

விஷயத்தைக் கேட்ட மோகன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தான். மேலே மலையும் சூரியனும் போட்டிருந்தது. "இதுல வெந்தயம் கீது, நாவல்கொட்டை கீது, இருபத்தாறு சத்து கீது. காலைல ஒரு டம்ளர், ராவுல ஒரு டம்ளர். அண்ணிக்கு சுகர் வந்த வழியே தெரியாம பூடும்."

"நோவுக்குன்னு சொன்னா குடிக்க மாட்டாளே."

"தெம்புக்குன்னு சொல்லுங்க."

அப்படியே சொன்னார். அம்சவல்லி டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, பாலில் கலக்கி, இரண்டு டம்ளராக ஆற்றி, ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்கு எதுக்கு?"

"நீ குடிச்சாதான் நான் குடிப்பேன்."

குடித்தார். நன்றாகத்தான் இருந்தது. மூன்று வாரத்தில் நாலு டப்பா காலியானது. அம்சவல்லியின் தாகம் குறையவில்லை. அவருக்கும் சேர்ந்து நாக்கு வறண்டது. அவள் மேல் இருக்கிற கவலைதான் காரணம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்து பாகற்காயில் இறங்கினார். சந்தையிலிருந்து இரண்டு கிலோ வாங்கி வந்து, "ஒடம்புக்கு நல்லதுன்றாங்க, நெறைய சாப்புடு" என்றார். அன்று ராத்திரி அவர் தட்டில் பாகற்காய் மலை போல் இருந்தது. அவள் தட்டில் உருளைக்கிழங்கு.

"நீ சாப்புடல?"

"வாங்கிக்கினு வந்தது நீ. ஆசையா வாங்கியாந்திருப்பேன்னு உனக்கே வெச்சிட்டேன்."

மறுநாள் டீயில் சர்க்கரையை நிறுத்தினார். அவர் டீயில் மட்டும் நின்றது. ராத்திரிச் சோற்றைக் குறைக்கச் சொன்னார். அவருடையது குறைந்தது. சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் நடந்தால் அவளுக்கு நல்லது என்று கூட்டிப் போனார். பாதி தூரத்தில் அவள் சின்னப்பொண்ணு வீட்டு வாசலில் உட்கார்ந்து கதை பேச ஆரம்பித்துவிட்டு, "நீ போயி நடந்துட்டு வா, நான் இங்கயே கீறேன்" என்றாள். அவளுக்காக அவர் தினமும் மூன்று கிலோமீட்டர் நடந்தார்.

மாவு வந்த நாலாவது வாரத்தில்தான் அவள் கால் விரலில் துணிக் கட்டு தெரிந்தது.

"இன்னாது இது?"

"கல்லு குத்திச்சி. பத்து நாளா ஆற மாட்டேங்குது."

கோதண்டராமன் அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. கம்பெனியில் எதிரே தணிகாசலம் விந்தி விந்தி நடந்து போனார். டீ பிரேக்கில் கோதண்டராமன் மோகனைப் பிடித்தார். "டப்பால இன்னாதான் போட்டுகீது, படிச்சிச் சொல்லு. எழுத்து பொடிசு பொடிசா கீது, எனக்குத் தெரியல."

மோகன் இதுவரை முப்பது டப்பா விற்றிருந்தான். ஒன்றையும் படித்ததில்லை. இப்போது படித்தான். அவன் முகம் மாறியது.

"இன்னாடா?"

"மொதல்ல போட்டிருக்கிறதே சர்க்கரைதாண்ணே. பாதிக்கு மேல அதான்."

பஸ் மண்ணூர் வந்து சேரும் வரை கோதண்டராமன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். முப்பது வருஷம் வாழ்ந்தவளுக்குத் தன் கையாலேயே சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"அம்சா, அந்த மாவு எவ்ளோ குடிச்ச? உண்மையச் சொல்லு."

அவள் அவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துபோனாள். "நான் எங்க குடிச்சேன்? எனக்கு அந்த வாசனையே ஆவல. நீ ஆசையா குடிச்சியா, தெம்புதானேன்னு நீ பாக்காதப்போ என் டம்ளரையும் உனக்கே ஊத்திட்டேன். ஏன், அதுல இன்னா?"

"ஒண்ணுமில்ல. அத்தினியும் எனக்குள்ளதான் போச்சா?"

"ஆமா."

கோதண்டராமனுக்கு உயிர் வந்தது. நாலு டப்பா சர்க்கரையும் தனக்குள்தான் போயிருக்கிறது என்று தெரிந்து இப்படி ஒரு மனுஷன் சந்தோஷப்பட்டு மண்ணூர் பார்த்ததில்லை. அதே வேகத்தில் அவருக்குத் தைரியமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்கு இலவச மருத்துவ முகாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

"வா, போலாம். நான் மொதல்ல குத்திக்கிறேன். ஆனா அப்பால நீ குத்திக்கணும். என் மேல சத்தியம் பண்ணு."

அம்சவல்லிக்குக் கண் கலங்கினாற்போல் இருந்தது. "பண்றேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நல்ல கூட்டம். ரூம் எடுத்துத் தங்கி வேலை செய்யும் தெற்கத்திப் பையன்கள் கும்பலாக வந்து வரிசையில் நின்றிருந்தார்கள். ரத்தம் எடுக்கும் மேஜையில் செல்லக்கனி என்று ஒரு நர்ஸ். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அவளுடைய டப்பாவில் பளபளத்த ஊசியைப் பார்த்ததுமே கோதண்டராமனுக்கு மண்டபம் லேசாகச் சுற்றியது.

"அண்ணாச்சி, வெரலத்தான் குத்தப் போறேன். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"குத்தும்மா. இவ நல்லா இருந்தா போதும்" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். இன்னொரு கையை அம்சவல்லி பிடித்திருந்தாள்.

குத்தியது. அவ்வளவுதான். இதற்காகவா மூன்று வருஷம் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் வாழ்ந்தோம் என்று தோன்றியது.

செல்லக்கனி மிஷினைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். "முன்னூத்திப் பன்னெண்டு காட்டுது அண்ணாச்சி. நாளைக்கு வெறும் வயித்துல ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் குடுங்க. அதுக்கு முன்ன இப்பமே டாக்டரப் பாத்துருங்க. மாத்திர ஒழுங்கா எடுத்து, சாப்பாட்டக் கவனிச்சா நல்லா இருக்கலாம். ஆளாளுக்கு விக்கிற டப்பா மாவெல்லாம் இதுக்கு மருந்து இல்ல, பாத்துக்கிடுங்க."

அம்சவல்லி ஒரு பெருமூச்சு விட்டாள். அவர் தோளை ஒரு முறை அழுத்திவிட்டு, டாக்டர் அறை வாசலில் அவருக்கு இடம் பிடிக்க விறுவிறுவென்று நடந்து போனாள். புண்ணோடு எப்படி நடக்கிறாள் பார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"என்னுது கெடக்கட்டும்மா" என்றார். "அவளக் கூப்ட்டு உக்கார வெச்சிப் பாரு. சத்தியம் பண்ணிக்கீறா. ஒரு மாசமா எல்லா அறிகுறியும் கீது. நான் எழுதியே வெச்சிகீறேன்." சட்டைப் பையிலிருந்து செக் ஷீட்டை எடுத்து மேஜை மேல் விரித்தார்.

செல்லக்கனி அந்தக் கட்டங்களை மேலிருந்து கீழே வரை படித்தாள். படிக்கப் படிக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்று, அவரைப் பார்த்த பார்வை வேறு மாதிரி ஆனது.

"அக்காவுக்குப் போன மாசம் உங்க ஊர்ல நாங்க முகாம் போட்டப்பமே பாத்தாச்சு அண்ணாச்சி, அவுகளுக்கு ஒண்ணும் கெடையாது, 'தனக்குன்னா இந்த மனுசன் ஊசி பக்கமே வர மாட்டாரு, எனக்குன்னா ஓடியாருவாரு'ன்னு சொல்லி, என்னென்ன அறிகுறி இருக்கணும்னு எங்கிட்ட ஒவ்வொண்ணாக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டுப் போனாவ."