முட்டைக்கு இடம் கேட்ட அயர்ன் பாவா

திருத்தணியில் மலைப்படி ஏறாமலேயே மூச்சு வாங்க வேண்டுமென்றால் அயர்ன் பாவாவிடம் பேசினால் போதும். எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்ப்பவர். பெற்ற அப்பாவைத் தவிர, போலீஸ்காரர் உட்பட எந்த ஆணையும், தெலுங்கில் மச்சானைக் கூப்பிடுவதுபோல், 'பாவா' என்றுதான் கூப்பிடுவார். அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

போன சித்திரையில் அவருடைய ஒரே கோழியை நாய் கவ்விப் போனது. மிச்சம், அது இட்டுவைத்த முட்டைகள்தான். கே.ஜி.கண்டிகையில் தங்கை வீட்டுக் கோழி அடைக்கு உட்காரும்வரை அவற்றைக் காப்பாற்றியாக வேண்டும். அவர் வீடோ தகரக் கூரை. கூடையோடு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

"சூட்ல வெச்சா இப்பவே கரு வளர்ந்துகினு, பாதியில செத்துப் பூடும் பாவா."

"அப்போ ஃப்ரிட்ஜ்ல வெச்சிடலாமே?"

"ஐயோ, அதுலயும் செத்துப் பூடும்."

உயிர் இருக்கிறது, ஆனால் இன்னும் ஆரம்பிக்கவில்லை. எனக்குத் தலை சுற்றியது. குடிதண்ணீர்ப் பானைக்கு அருகே, கூடைத் தவிட்டில் கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளைச் செருகினார். காலையும் மாலையும் வந்து பக்கம் மாற்றிச் சாய்த்தார். இல்லையென்றால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளுமாம். முட்டைக்கு அதிர்வு ஆகாது என்று எங்கள் மிக்சியை முறைத்தார். நாங்கள் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தோம். சட்னி அரைக்க என் மனைவி பக்கத்து வீட்டுக்குப் போனாள். இது யார் வீடு என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒருநாள் வெயில் கொளுத்தியது. எது கூடாது என்று பாவா சொன்னது என் மனைவிக்குக் குழம்பிப்போயிருந்தது. முட்டை வெந்துவிடுமே என்று இரக்கப்பட்டுக் கூடையை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். மாலையில் வந்த பாவா வெறும் இடத்தைப் பார்த்தார். அவள் ஃப்ரிட்ஜைக் காட்டியதும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எவ்ளோ நேரம் ஆச்சும்மா?"

"இப்பதாங்க, ராத்திரிக்குச் சோறு வடிச்சிட்டு வெச்சேன்."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கூடையை வெளியே எடுத்துப் பானைக்கு அருகே வைத்தார். பிழைக்குமா என்று கேட்டேன்.

"தெர்ல பாவா. முட்டை இன்னா வாய்விட்டா சொல்லும்?"

மறுநாள் பாவாவுக்குத் தங்கையிடமிருந்து போன். கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. பஸ் குலுக்கும் என்று கூடையோடு நடந்தே போனார். முட்டைக்காக முருகனிடம் வேண்டலாமா கூடாதா என்று என் மனைவி தவித்தாள். சேவற்கொடி வைத்திருக்கும் சாமி கோபித்துக்கொள்ளாது என்றேன்.

மூன்று வாரம் கழித்து உச்சி வெயிலில் பாவா வந்தார். சட்டைப் பைக்குள் ஏதோ கீச்சென்றது.

"பொரிச்சிடுச்சும்மா. நீங்க கவலைப்பட்டுகினு இருப்பீங்களேன்னு ஒண்ண எடுத்தாந்தேன். பாத்துக்குங்க. திரும்பப் போயி கோழிகிட்ட உடணும்."

அவள் அழுதேவிட்டாள். பாவா தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

இப்போதெல்லாம் கசங்காத சட்டையைக்கூட அவரிடம் தேய்க்கக் கொண்டுபோகிறேன்.