என்னிடமிருந்து நான் திருடிய நான்கு பக்கங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமா என்று நாலு வரி விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. இன்று அதற்கும் நிதானம் இல்லை, மன்னித்துவிடு. கல்லூரியில் உன் தம்பியைத் திருடன் என்கிறார்கள்.

குழாய்த் துருவைப் பற்றி நான் எழுதுவது உனக்குத் தெரியும். போன வருடம் அனுப்பிய கட்டுரையில் நாற்பது மேற்கோள்கள். அதில் இருபத்தாறு என் பழைய கட்டுரைகள். பத்திரிகை ஆசிரியர் போனிலேயே, "உங்களைத் தவிர உலகத்துல வேற யாரும் துருவைப் பாக்கலையா சார்?" என்று கேட்டுவிட்டார். மானம் போயிற்று. இந்த வருடக் கட்டுரையில் உஷாராக மேற்கோள்களிலிருந்து என் பெயரை ஓர் இடம் விடாமல் நீக்கினேன். பதினெட்டு வருடத்துக்கு முந்தைய என் முதல் கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்த நான்கு பக்கங்களுக்கும் மேற்கோள் போடவில்லை. நம் சரக்குதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். கணினி கேட்டுவிட்டது. பழைய கட்டுரைகளோடு ஒப்பிட்டு முப்பத்தெட்டு சதவீதம் திருட்டு என்று சிவப்பாகக் காட்டி, சமாசாரம் முதல்வர் அறைவரை போய், பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே கேள்விக்குறி விழுந்துவிட்டது. "மூலக் கட்டுரையை எழுதினவர்கிட்ட அனுமதிக் கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றார் முதல்வர். "அது நான்தான் சார்" என்றேன். "அப்புறம் என்ன, சுலபமா கிடைச்சிடுமே" என்கிறார்! சரியென்று எனக்கு நானே விண்ணப்பம் எழுதினேன். அனுமதி கொடுக்க உட்கார்ந்தால் கை ஓடவில்லை. கொடுத்தால், எடுத்ததை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா? மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. உன் தம்பி பெண்டாட்டியோ, "உங்களுக்கு நீங்களே லெட்டர் போட்டுட்டு, பதில் வரலன்னு கவலை வேறயா?" என்கிறாள்.

வியாழக்கிழமை விசாரணை. அந்த முதல் கட்டுரையை உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தானே எழுதினேன்? நீயும் இதே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள், நீ சொன்னால் எடுபடும். ஒவ்வொரு வரியும் இவன் மண்டையில உதிச்சதுதான், நானே பாத்தேன்னு வந்து ஒரு வார்த்தை சொல்லிடு அக்கா. பயமா இருக்கு.

அத்தானின் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். ஒருவரையும் ஆராய்ச்சிப் பக்கம் விட்டுவிடாதே.

கலக்கத்துடன்,
தம்பி

பி.கு.: சாட்சிக்கு ஆகட்டும் என்று அந்தக் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியை அலமாரியிலிருந்து இப்போதுதான் எடுத்தேன். அந்த நான்கு பக்கங்களும் உன் கையெழுத்து. அந்த மாதம் எனக்கு டைபாய்டு. "நீ படு, மிச்சத்தை நான் முடிக்கிறேன்" என்று நீ சொன்னது நினைவுக்கு வருகிறது. அச்சான கட்டுரையில் உன் பெயரை முதலிலிருந்து கடைசிவரை தேடினேன். குடுவை கழுவியவருக்குக்கூட நன்றி சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை நீ வர வேண்டாம் அக்கா. முதல்வரிடம் எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். உன்னிடம் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.