மனேஜர் அளவில் ஒரு கதிரை

என் வாழ்நாளில் ஒரே ஒரு வதந்திதான் கிளப்பியிருக்கிறேன். அதையும் உருப்படியாகக் கிளப்பினேன் என்பதில் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. (வெட்கப்பட வேண்டிய இடத்தில் அம்மா பெருமைப்படுகிறா என்று என் மகள் சொல்லுவாள். சொல்லட்டும்.)

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதைவிடப் பெரிய குறை கூச்சம். யாராவது எதிரே வந்தால் என் கண் நிலத்துக்குப் போய்விடும். கல்யாணமாகி மூன்றாம் நாள், என் கணவர் சவிரிக்கு மீசை இருக்கிறதா என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். ஆனால் கதிரைகளை எனக்கு நன்றாகத் தெரியும். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட எங்கள் வீடு. அரசாங்கக் கந்தோர், கடை, மிசன் வீடு என்று எல்லா இடத்துக் கதிரைகளும் பிரம்பு பின்ன என்னிடம்தான் வரும். எந்தப் பக்கம் தொய்ந்திருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே இது இன்னாருடையது என்று சொல்லிவிடுவேன். ஊர் மனிதரை முகத்தால் அறிந்தது. நான் மறுபக்கத்தால் அறிந்தேன்.

அளவுகளை எழுதிவைக்கிற வழக்கம் எனக்கு இல்லை. பெரிய ஆட்களுக்கு ஆளுக்கொரு நூல் வைத்திருப்பேன். அகலத்துக்கு அதில் ஒரு முடிச்சு.

அந்தக் காலத்து றேடியோ இந்தக் காலத்துக் கொம்பியூட்டர் மாதிரி. கடைத்தெருவில் எதிரெதிரே இரண்டு றேடியோக் கம்பனிகள் இருந்தன. பழைய கம்பனியின் முதலாளி கொழும்பில். புதுக் கம்பனி மூதூர் ஹனிபா முதலாளியுடையது. இந்தப் பக்கம் பாட்டுப் போட்டால் அந்தப் பக்கம் செய்தியைக் கூட்டி வைப்பார்கள். நடுவே நடந்து போகிறவருக்கு ஒரு காதில் காதலும் மறுகாதில் பாராளுமன்றமும் கேட்கும்.

பழைய கம்பனியைத் தாங்கி நின்றவர் மனேஜர் குணரத்தினம் ஐயா. செத்துப்போன றேடியோவில் காதை வைத்து எந்த வால்வு போயிற்று என்று சொல்லிவிடுவார். அவருக்காகவே சனம் அங்கே வாங்கும். அவருக்குத் தேகம் பெரிது. நாலு மாதத்துக்கு ஒருமுறை கதிரை இடப்பக்கமாக அமிழ்ந்துபோகும். கதிரையோடு அவரும் வருவார்.

"பிள்ளை, கதிரை திரும்பவும் என்னோட கோவிச்சிட்டுது."

நான் நிலத்தைப் பார்த்துச் சிரிப்பேன். எங்களுக்குள் அவ்வளவுதான் கதை.

ஒரு திங்கட்கிழமை புதுக் கம்பனியிலிருந்து பின்னாத கதிரைச் சட்டம் ஒன்று வந்தது. இரண்டு பேர் இருக்கலாம் போல அகலம். "முதலாளி உறுதியாப் பின்னட்டாம். புதனுக்கு வேணுமாம்" என்று பியோன் சொல்லிவிட்டுப் போனான். எதற்கும் பார்ப்போம் என்று குணரத்தினம் ஐயாவின் நூலை எடுத்து வைத்தேன். முடிச்சு சட்டத்தில் போய் அச்சாக உட்கார்ந்தது. ஊரில் அந்த அளவுக்கு வேறு ஆள் இல்லை.

பின்னேரம் சவிரி வேலையால் வந்து தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, குணரத்தினம் ஐயா புதுக் கம்பனிக்குப் போறார்."

"ஆர் சொன்னது?"

"நூல்."

அவர் நூலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றார். நான் சொல்லவில்லை. மறுநாள் காலை சீனன்குடா எண்ணெய்த் தாங்கிக்குப் போகும் வேலையாட்களின் லொறியில் அவர்தான் சொன்னார்.

செவ்வாய் பின்னேரம் மீன் விற்கும் திரேசக்கா என் கதையை எனக்கே கொண்டுவந்தா. அது நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்திருந்தது.

"உனக்குத் தெரியுமேடி? குணரத்தினத்தாருக்கு மற்றக் கம்பனி கார் குடுக்குதாம். நிலாவெளியில வீடு வளவும் எழுதுதாம்!"

"கார் என்ன நிறமாம்?"

"கறுப்பு."

கறுப்பாமே! நிறம் வரைக்கும் தெரிந்திருந்தால் உண்மையாகத்தானே இருக்க வேண்டும்? (நான் கிளப்பிய வதந்தியை நானே நம்பினேன். நல்ல வேலைக்காரி தன் கதிரையில் தானே இருந்து பார்க்க வேண்டும் அல்லவா.) அந்த உற்சாகத்தில் அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று இடப்பக்கத்தை மட்டும் இரட்டை நாரால் இறுக்கிப் பின்னி, புதன்கிழமை கதிரையை அனுப்பினேன்.

வியாழக்கிழமை, கதை காதில் எட்டிக் கொழும்பு முதலாளி வந்து இறங்கினார். வால்வு அறையைப் பூட்டித் திறப்பைக் குணரத்தினம் ஐயாவிடமிருந்து பிடுங்கினார். உண்மை தெரியும்வரை கடையில் எதையும் தொடக்கூடாது, கதை மெய்யென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டையும் விட வேண்டும் என்றார். குணரத்தினம் ஐயா இருந்தது கம்பனி வீடு. நாலு பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்கு இன்னும் பல்லு முளைக்கவில்லை.

அன்றைக்கு முழுக்க அந்த நூலை மடியில் முடிந்துகொண்டு திரிந்தேன்.

யார் சொன்னது என்று விசாரிக்க விசாரிக்க, வதந்தி லொறி வழியாகத் திரும்பி எங்கள் வாசலுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை காலை என்னையும் சவிரியையும் கடைக்குக் கூப்பிட்டார்கள். கொழும்பு முதலாளி மேசைக்குப் பின்னால். குணரத்தினம் ஐயா தன் கதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போல நான் குனிந்திருந்ததால் அந்த வெறுங்கதிரைதான் என் கண்ணில் பட்டது. பின்னல் நன்றாக இருக்கும்போது அவரைப் பக்கத்தில் நிறுத்திவைத்து அது வெறுமையாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"ஆர் உனக்குச் சொன்னது? இவரோ?" என்று முதலாளி கத்தினார்.

"இல்லை ஐயா. நூல்."

"என்ன நூல்?"

மடியிலிருந்து எடுத்துக் காட்டினேன். கடையில் வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். சவிரி சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஹனிபா முதலாளி தெருவைக் கடந்து உள்ளே வந்தார்.

"கதிரை பின்னுற புள்ள இஞ்சயா நிக்கிறா? என்ன புள்ள செஞ்சு வெச்சிருக்கா? தோப்பூர்ல இருந்து மாமி வந்திருக்கா. அவவுக்கெண்டுதான் கதிரை செய்விச்ச நான். குந்தினா மனுசி வலப்பக்கமாச் சரியிறா! இடப்பக்கத்த மட்டும் ஏன் இப்பிடி இறுக்கின?"

ஊரில் இல்லாத அந்த அளவு தோப்பூரில் இருந்திருக்கிறது. பூமி பிளந்தால் நல்லது என்று நிலத்தைப் பார்த்தேன். சீமெந்து நிலம். பிளக்காது.

கொழும்பு முதலாளி கடதாசியும் பேனையும் எடுத்து என் முன்னால் வைத்தார். "நான் சொன்னது பொய் எண்டு எழுதிக் கையெழுத்து வை."

அப்போது எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. வெறுங்கதிரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"பொய் எண்டு எழுத ஏலாது. பிழை எண்டு வேணுமெண்டால் எழுதுறன்."

"ரெண்டும் ஒண்டுதான்!"

"இல்லை ஐயா. பொய் எண்டால் தெரிஞ்சுகொண்டு சொல்லுறது. நான் அளந்து பார்த்துச் சொன்னனான். பதினொரு வருசம் உங்கட கதிரையில இருந்த மனிசனை நம்பாமல் என்ர நூலை நம்பினது நீங்கள். அந்தப் பிழையையும் நானே எழுத வேணும்?"

சவிரி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். (பயத்திலா மரியாதையிலா என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை.)

கொழும்பு முதலாளிக்கு முகம் சிவந்ததாம். நான் பார்க்கவில்லை. திறப்பை மேசையில் எறிந்தார். "சரி சரி, குணரத்தினம், எடுத்துக்கொண்டு போய் வேலையைப் பாரும்."

குணரத்தினம் ஐயா திறப்பை எடுக்கவில்லை.

"பிள்ளை கேட்டதுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லேல்லை ஐயா" என்றார் மெதுவாக.

கொழும்பு முதலாளி பேனையை எடுத்து மூடினார். ஹனிபா முதலாளிதான் தொண்டையைச் செருமினார்.

"நான் ஒண்டு சொல்லட்டா? அல்லா மேல ஆணை, இப்பிடியொரு யோசினை எனக்கு இதுவரைக்கும் வரேல்ல. ஊரே சொல்லுது, நான் மட்டும் ஏன் சும்மா இரிக்க? குணரத்தினம், வாறீங்களா?"

"வீடு?"

"கடைக்கு மேல மூணு அறை கிடக்கு. கறுப்புக் கார் மட்டும் கேக்காதீங்க."

குணரத்தினம் ஐயா மேசையில் கிடந்த தன் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். எழுதாத கடதாசியை நான் நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு பழைய கம்பனியிலிருந்து ஒரு முக்காலிகூட என்னிடம் வரவில்லை. போகட்டும். எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கதை இன்னும் சாகவில்லை. கறியில் உப்புக் கூடினாலும், மருந்து குடித்துவிட்டேன் என்று நான் சாதித்தாலும், மகள் கடதாசியும் பேனையும் கொண்டுவந்து முன்னால் வைப்பாள். "பொய்யோ அம்மா, பிழையோ?"

போன மாதம் கொம்பியூட்டர் கம்பனியில் வேலை செய்கிற மருமகன் வந்திருந்தார். போட்டிக் கம்பனியின் பெரியவர் ஒருவர் தங்களிடம் வரப்போவதாகக் கந்தோர் முழுக்கக் குசுகுசுக்கிறார்களாம். "மாமி, இது பொய்யோ, பிழையோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அவருடைய ஆளைப் பற்றி எனக்குத் தெரியாது. என் ஆள் ஓய்வு எடுக்கும்வரை புதுக் கம்பனியில்தான் இருந்தார். ஆகவே நான் சொன்னது பொய்யும் இல்லை, பிழையும் இல்லை. நாலு நாள் முந்திச் சொல்லிப்போட்டேன், அவ்வளவுதான்.