மாற்று மருந்து தேடியவனின் உடல்நிலை குறித்து

மில்லிக்கன்,
செவ்வாய்க்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க பேனாட் அவர்களுக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நான் நலம். கடிதம் என்றால் எல்லாரும் எழுதுகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். தயவுசெய்து நின்று, இன்னொரு தரம் வாசியுங்கள்: நான் நலம். சீனி இல்லை, பிரஷர் அளவோடு, ஈரலும் சிறுநீரகமும் ஆண்டவர் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. நீங்களும் செரீனா அம்மாவும் மகன் லெஸ்லியும் அவ்வாறே இருக்க மன்றாடுகிறேன்.

எங்கள் றெபேக்காவுக்கும் உங்கள் லெஸ்லிக்கும் பேசி முடித்த கலியாணத்தை, பெண்ணின் தகப்பனுக்கு ஏதோ மாறாத வருத்தமாம், பரம்பரை நோயோ தெரியாது, கொஞ்சம் பொறுப்பம் என்று செரீனா அம்மா தள்ளிவைத்த கதையைக் கோயில் வாசலில்தான் கேள்விப்பட்டோம். அன்றுமுதல் றெபேக்கா என்னோடு கதைப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு என் பக்கத்தில் இருந்தால் தாயிடம் சொல்லித்தான் கேட்கிறாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. (இந்த எரிவு வேறு, கீழே வருகிற எரிவோடு குழப்பவேண்டாம்.) ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எனக்கு இருப்பது ஒரு கைத்துப்பாக்கி.

கதிரையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் பயப்படவேண்டாம். லைசென்ஸ் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, பூட்டுக்கு மேலே இன்னொரு பூட்டும் இருக்கிறது. மிசிசாகாவில் விமானச் சரக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் வீட்டுக்குள்ளே இருந்து மனைவி வேரோனிக்காவின் சமையலில் பிழை பிடிக்கத் தொடங்க, அவ பொறுக்கமாட்டாமல் ஏதாவது பொழுதுபோக்குத் தேடு என்று துரத்த, கூட வேலைசெய்த ஒரு வெள்ளைக்காரன் என்னைத் தன் துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். அதோடு பிடித்தது சனி. நான் சுடுவது கடதாசியை மட்டும்தான். அதிலும் பாதி நாள் படுவதில்லை. "ஊரிலை வெடிச்சத்தம் கேட்டு ஓடிவந்த மனுசன், இஞ்சை காசு குடுத்து வெடி வைக்கிறார்" என்று வேரோனிக்கா அழுதா. அவ சொன்னதில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் நான் விடவில்லை.

சுட்ட பிறகு மிஞ்சுகிற பித்தளைத் தோட்டாக் கோதை எறியாமல் கழுவி, வெடிமருந்து நிரப்பித் திரும்பப் பாவிக்கலாம் என்று அங்கே பழக்கினார்கள். வெறும் பியர்ப் போத்தலையும் கடையில் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்குகிற எங்கள் சனத்துக்கு இதைவிடத் தோதான பொழுதுபோக்கு உண்டா, நீங்களே சொல்லுங்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு நான் பாவிக்கிற மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரு கடையிலும் இல்லை. மிளகாய்த்தூள் முடிந்தால் கிடக்கிற வேறு தூளைப் போட்டுக் கறி வைக்கிறதில்லையோ, உதுக்கும் அப்பிடி ஏதாவது போடன் என்றா வேரோனிக்கா. அப்படிப் போட்டால் துப்பாக்கியோடு விரலும் போய்விடும். இந்த மருந்தில் ஒன்றின் அளவு மற்றதுக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றும் எரிகிற வேகம் வேறு, செய்தவனே அச்சடித்த அளவு அட்டவணையைப் பார்க்காமல் ஒரு துகளும் தொடக்கூடாது. கிளப்பிலோ ஆளுக்கொரு மருந்தைப் புகழ்கிறார்கள், அதுவும் விளங்காத இங்கிலிசில். தமிழில் விளங்கப்படுத்த ஆரும் இருக்கமாட்டார்களா என்று ஏங்கி, நம்முடைய வாரப் பத்திரிகை ஒன்றுக்கு விளம்பரம் கொடுத்தேன். பெயரைச் சொல்லமாட்டேன்.

விளம்பரத்தின் முதல் வரி, "கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்புவோர் கவனத்திற்கு". இது குடும்பப் பத்திரிகை அண்ணை என்று சொல்லி அந்த வரியை வெட்டிவிட்டார்கள். மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் வெளிவந்தது இவ்வளவுதான்: "வழக்கமாகப் பாவிக்கும் மருந்து எங்கும் கிடைக்கவில்லை. மாற்று மருந்து பாவித்து அனுபவமுள்ளோர் அழைக்கவும். விரைவாக எரிவதும் புகை குறைந்ததும் நல்லது. அகஸ்ரின், மில்லிக்கன்." அடியில் என் தொலைபேசி எண்.

அதற்குப் பிறகு என் தொலைபேசி ஓயவில்லை. எரிவு என்றதும் ஒருவர் மூலவியாதியாக இருக்கும் என்று முடிவுகட்டி, நான் நிற்கிறேனா இருக்கிறேனா என்று விசாரித்தார். இன்னொருவர் புகை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, சிகரெட்டை விடு தம்பி என்று அழுதார். நான் வாழ்க்கையில் சிகரெட் தொட்டதில்லை. டோர்செட் பார்க்கிலிருந்து தில்லையம்பலம் அண்ணை பஸ் ஏறி வந்து, தன் கையால் இடித்த ஒரு கசப்புத் தூளைக் கரைத்து, நான் விழுங்கி முடியும்வரை எழும்பமாட்டேன் என்று இருந்தார். விழுங்கினேன். விரைவாக எரிந்தது உண்மை.

அடுத்ததாகக் கோயில் செபக்குழு வந்ததும், ஆட்கள் கூடியதால் எல்லாரையும் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ரில் இருத்தியதும் உங்களுக்குத் தெரியும், நீங்களும் செரீனா அம்மாவும் வந்திருந்தீர்கள். என்னைச் சுற்றி நின்று எல்லாரும் மெழுகுதிரி கொளுத்தினார்கள். பக்கத்து அலுமாரிக்குள் மிச்ச மருந்து. என்னையறியாமல், "அணையுங்கோ, உதுகளை வெளியிலை கொண்டுபோங்கோ" என்று கத்திவிட்டேன். மெழுகுதிரியைக் கண்டு கத்துகிறவனைப் பற்றிச் சனம் என்ன நினைக்கும்? என் தலையில் அரைப்போத்தல் தீர்த்தம் ஊற்றினார்கள். அந்த அமளியில் நீங்கள் ஒருவர்தான் ஒன்றும் கேட்காமல், செரீனா அம்மாவின் திரியையும் சேர்த்து ஊதி அணைத்துவிட்டு, முதல் ஆளாகப் படியேறினீர்கள். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கமாட்டேன்.

பேனாட், பெண் பார்க்க வந்த அன்று, கையில் தின்னக் கொடுத்த றோலை வைத்துக்கொண்டு, "ஒரு கதைக்குச் சொல்லுறன், பிள்ளையளுக்குப் பிடிச்சால் எங்களுக்கென்ன" என்றீர்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் அந்த "ஒரு கதைக்குச் சொல்லுறன்" போடுவது உங்கள் வழக்கம் என்று பிறகு வேரோனிக்கா சொல்லிச் சிரித்தா. அந்தக் கதையை இப்போது நிசமாக்குங்கள். துப்பாக்கியை ஒப்படைத்துவிடத் தீர்மானித்துவிட்டேன். பிள்ளையின் வாழ்க்கையைவிட எனக்கு ஒரு கடதாசியில் ஓட்டை போடுவது பெரிதில்லை. இந்தக் கடிதத்தைச் செரீனா அம்மாவுக்கு உரத்து வாசித்துக் காட்டும்படி மன்றாடிக் கேட்கிறேன்.

மடுமாதா உங்கள் குடும்பத்தைத் தன் சேலைத் தலைப்பால் மூடிக் காப்பாராக. லெஸ்லிக்கு என் ஆசீர்.

இப்படிக்கு,
திடகாத்திரமான
அகஸ்ரின்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது விளம்பரத்தைப் பார்த்து இன்னொரு அழைப்பு வந்தது. பெயர் வேண்டாம் என்றது ஒரு ஆண் குரல். "ஒரு கதைக்குச் சொல்லுறன் அண்ணை, எனக்கும் உந்த மருந்து கிடைக்கேல்லை. நான் வேறை ஒண்டுக்கு மாறீட்டன், அதின்ரை அட்டவணை என்னட்டைக் கிடக்கு" என்றது. பின்னால் ஒரு பெண் குரல், ஆரோடை கதைக்கிறியள் என்று கேட்டது. "டொக்டரோடை" என்று சொல்லிவிட்டு ஆண் குரல் தொலைபேசியை வைத்துவிட்டது.

ஆகவே மேலே எழுதியது எதையும் வாசித்துக் காட்டவேண்டாம். துப்பாக்கியையும் நான் ஒப்படைக்கவில்லை. இதைத் தபாலில் போடாமல் ஞாயிறு பூசை முடிய உங்கள் கையில் தருகிறேன். வாசித்ததும் எரித்துவிடுங்கள், உங்கள் பேஸ்மென்ரில் வைத்து மட்டும் வேண்டாம். அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வரும்போது அட்டவணையையும் கலியாணத் தேதியையும் கொண்டுவாருங்கள். தேதி வராவிட்டால், அன்று பின்னேரமே அந்த டொக்டர் செரீனா அம்மாவைப் பார்க்க வீட்டுக்கு வருவார்.