டோக்கன் சாரின் கடல் தூண்டில்

முட்டை போட்ட கேக்கா, போடாத கேக்கா என்று மூன்று பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் ஆபீஸ் பிறந்தநாள் கேக்கை வாயில் வைப்பார் ஒருவர். அவரே கடல் மீன் பிடிக்கப் பன்னிரண்டடி நீளத்துக்குத் தூண்டில் வாங்கினார். அதுவும் கடலே இல்லாத திருச்சியில் உட்கார்ந்துகொண்டு. உலகத்தில் இப்படி ஒரே ஒரு ஆள்தான் இருக்க முடியும். அவர்தான் எங்கள் டோக்கன் சார். ஸ்ரீரங்கத்துக்காரர். பரம வைணவர், சாப்பாட்டில் மட்டும் சைவம்.

புத்தூரில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியில் நான் பில் போடும் ஜன்னலில் இருந்தேன். பக்கத்து ஜன்னலில் அவர் டோக்கன் கொடுப்பார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் பயன்பட்டது. டோக்கன் கொடுப்பதில் குழம்ப என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அவருக்கு இருந்தது.

"எந்தக் கண்ணு சார்?" என்பார். வந்தவர், "இடது கண்ணுங்க" என்பார்.

"உங்களுக்கு இடதா, எனக்கு இடதா? நீங்க எனக்கு எதிர்ல நிக்கறேளே..."

வந்தவர் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்ப்பார். வலது கண்ணில் வலியோடு வந்தவர்கள் அவரிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு இடது கண்ணையும் காட்டிவிட்டுப் போனதுண்டு. குடை வாங்கலாம் என்று ஒரு ஐப்பசியில் கிளம்பினார். நிறம் முடிவாவதற்குள் பங்குனி வெயில் வந்துவிட்டது. "நல்லவேளை, வெயிலுக்கும் குடை ஆகும்" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அவருக்கு ஒரே பெண். வைஷ்ணவி. வங்கியில் வேலை. கூட வேலை பார்த்த ஸ்டீபனை, நம் பாலக்கரைப் பையனை, கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்று ஒரு நாள் வந்து சொன்னாள். டோக்கன் சார் எதிர்ப்பும் சொல்லவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. எதைச் சொல்வது என்று அவர் தீர்மானிப்பதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. ரிஜிஸ்தர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். பக்கத்தில் நின்று அவர் என் காதில், "ரவி, இப்ப நான் சிரிக்கணுமா, வேண்டாமா?" என்று கேட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். சிரிக்கவில்லை. அது போட்டோவிலும் பதிவாகிவிட்டது.

இருவருக்கும் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது. அதற்குப் பிறகு போனில் மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடந்த உரையாடல் இதுதான்:

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு மாமா. நீங்க?"

"ஆச்சு."

"சரி மாமா. வைஷ்ணவிகிட்ட குடுக்கறேன்."

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அந்தப் பையன் மாமனாருக்குத் தன் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். வைஷ்ணவி ஒருமுறை எனக்குப் போன் செய்து, "அங்கிள், அப்பா என்னதான் நெனைக்கறார்? திட்டினாக்கூட நிம்மதியா இருக்கும்" என்று அழுதாள். அப்பா என்ன நினைக்கிறார் என்பது அப்பாவுக்கே தெரிந்தால்தானே!

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. கடற்கரையில் ஸ்டீபன் நீளமான தூண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். வைஷ்ணவி வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். டோக்கன் சார் அன்று மத்தியானம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக யாரையும் கேட்காமல் பதில் போட்டார்: 'எனக்கும் இதில் ரொம்ப ஆசை உண்டு.'

அடுத்த நொடி வைஷ்ணவி போனிலிருந்து ஸ்டீபனே எழுதிவிட்டான்: 'அப்படியா மாமா! தெரியாமப் போச்சே! நீங்க வாங்க, சேர்ந்து போலாம்!'

சாப்பாட்டைத் தாண்டி மாப்பிள்ளையிடமிருந்து வந்த முதல் வாக்கியம் அதுதான். டோக்கன் சார் சந்தோஷத்தில், 'கண்டிப்பா. என் தூண்டிலோட வரேன்' என்று அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரவி, என்கிட்ட தூண்டில் இல்லையேப்பா."

காந்தி மார்க்கெட் பக்கம் வலை, கயிறு விற்கிற ஒரு பாய் கடைக்கு அவரை பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன்.

"கடல்ல, கரையில நின்னுண்டே போடற தூண்டில் வேணும்" என்றார்.

"எந்தக் கடலு சார்?"

"வேற வேற இருக்கா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"என்ன மீனுக்கு?"

"மீன் கட்டாயமா?" என்றார் டோக்கன் சார்.

பாய் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். "சார், இங்க ஆத்துக் கெண்டைக்கு மூங்கில் கம்பு இருக்கு. கடல் ராடெல்லாம் ஆன்லைன்ல வாங்கிக்கங்க. அல்லாதான் உங்களுக்கு வழி காட்டணும்" என்று அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகு யூட்யூப். ஒருவர் எட்டடி போதும் என்றார். இன்னொருவர் பதிமூன்றுக்குக் குறைந்தால் கடல் பக்கமே போகாதே என்றார். நரம்பு சுற்றி வைக்கிற ரீலில் நாலாயிரம், ஆறாயிரம், எட்டாயிரம் என்றிருந்தது. அதெல்லாம் விலை என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தார். அது அளவு என்று தெரிந்ததும் பயம் இன்னும் கூடியது. நைலான் நரம்பா, பின்னல் நரம்பா என்று வேறு ஒரு சண்டை. வாட்ச்மேன், "சார் இந்த வயசுல ரீல்ஸ் போடறீங்களாமே" என்று வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் அவர் நோயாளிகளிடமே கேட்க ஆரம்பித்தார். எங்கள் ஹாலில் எப்போதும் இருபது பேராவது கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, இமையை மூடிச் சுவரில் சாய்ந்திருப்பார்கள். பொழுது போகாது. யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்வார்கள். அதில் வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். கண்ணைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"இங்க பாருங்க. அலை உடையற எடத்தைத் தாண்டி ஈயக்குண்டு போய் விழணும். ராடு நீளமா இருக்கறது அதுக்குத்தான். நீங்க பொழுதுபோக்குக்குப் போறவரு. பத்தடி போதும், பதிமூணு உங்க கைக்கு ஆகாது. ரீலு ஆறாயிரம் சைஸு. உப்புத்தண்ணி பட்டா வீட்டுக்கு வந்து நல்ல தண்ணியில கழுவிடணும். அவ்வளவுதாங்க."

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. டோக்கன் சார் முகம் மலர்ந்தது. ஆர்டர் போட போனை எடுத்தார். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் சாய்ந்திருந்த சமயபுரத்து அம்மா, "காத்து எதுக்க அடிச்சா என்ன பண்ணுவாராம்?" என்று பொதுவாகக் கேட்டார். அந்த அம்மா கடலையே பார்த்ததில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் காரியம் கெட்டுவிட்டது. பத்துக்கும் பதிமூன்றுக்கும் நடுவில் ஊசலாடி, இரண்டு பேர் மனசும் நோகக் கூடாது என்று பன்னிரண்டு வாங்கினார்.

பார்சலை வீட்டுக்கு வரவழைத்தால் மனைவி கோமளா மாமி கேள்வி கேட்பார் என்று ஆஸ்பத்திரி விலாசம் கொடுத்திருந்தார். மூன்று துண்டாகத்தான் வந்தது. "ஒரு தடவை மாட்டிப் பாத்துடறேனே" என்றார். நான் வேண்டாம் என்றேன். மாட்டினார். கைப்பிடி டோக்கன் ஜன்னலில் இருந்தது. நுனி, கண் மூடி இருந்தவர்கள் தலைக்கு மேல் மிதந்து போய், வாசல் கதவைத் தாண்டி, வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர் தோளைத் தொட்டது. அவர் திரும்பிப் பார்த்து, யாரும் இல்லாததால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பெரிய டாக்டர் வெளியே வந்தார். கம்பை நுனி வரைக்கும் கண்ணால் அளந்தார்.

"என்ன சார் இது?"

"கடல் தூண்டில் டாக்டர். ரீல் மேல வரணுமா, கீழ வரணுமான்னுதான் தெரியலை."

டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். ரீல் கீழேதான் வரவேண்டும். அதை மேலே மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றியபடி டோக்கன் சார் ஒரு வாரம் இருந்தார்.

பயிற்சி கொள்ளிடத்து மணலில். தண்ணீர் எங்கோ ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. மீன் மாட்டுகிற முள்ளைக் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார், ஈயக்குண்டு மட்டும்தான். முதல் வீச்சில் நரம்பைத் தடுத்துக்கொண்டிருந்த வளையக் கம்பியைத் திறக்க மறந்துவிட்டார். பட்டென்று நரம்பு அறுந்தது. குண்டு தனியாகப் போனது. எங்கே போனது என்று இன்று வரை தெரியாது. இரண்டாவது வீச்சில் குண்டு முன்னால் போகாமல் பின்னால் போய், என் பைக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனது.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் மணலில் ஒரு உருவம் நடந்து வந்தது. கோமளா மாமி. டோக்கன் சார் பன்னிரண்டடிக் கம்பைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார்.

"ஊரே சொல்றது, நீங்க கொள்ளிடத்துல காத்தாடி விடறேள்னு" என்றார் மாமி. "தூண்டிலோட வரேன்னு நீங்க எழுதின அன்னிக்கே வைஷு சொல்லிட்டா. மாப்பிள்ளையோட பேசறதுக்கு வாய் போறாதா? இத்தனை பெரிய கம்பு வேணுமா?"

டோக்கன் சார் தலை குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வாய் இருக்கு கோமளா. என்ன பேசறதுன்னு தெரியலையே."

மாமி, கொண்டுவந்த காபியை அவருக்கு ஆற்றிக் கொடுத்துவிட்டு, கம்பைத் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காரைக்கால் பாசஞ்சரில் நாங்கள் மூன்று பேரும் போனோம். நான் கம்பு தூக்க. ஸ்டேஷனுக்கே ஸ்டீபன் வந்திருந்தான். பையை வாங்கினான், "வாங்க மாமா" என்றான், அதோடு பேச்சு தீர்ந்தது. சாயங்காலம் எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். ஸ்டீபன் தன் தூண்டிலை உறையிலிருந்து எடுத்தான். கடை ஸ்டிக்கர் கூட கிழிக்காமல் பளபளவென்று இருந்தது.

"மாமா, நீங்க முதல்ல போடுங்க."

"சேச்சே, மாப்பிள்ளை போடுங்கோ."

"நீங்க அனுபவசாலி மாமா."

"நீங்கதான் படமெல்லாம் எடுத்து அனுப்பினேளே!"

பத்து நிமிடம் இந்த உபசாரம் நடந்தது. நான் ஸ்டீபன் கையைப் பார்த்தேன். அவன் ரீலும் மேலே இருந்தது. வைஷ்ணவி என் பக்கத்தில் துப்பட்டாவை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், அந்தப் படத்துல இருக்கறது இங்க மீன் பிடிக்க வந்த ஒருத்தரோடது. சும்மா வாங்கிப் பிடிச்சு நின்னார். அப்பா ஆசைன்னு எழுதினதும் பயந்துபோய் இதை வாங்கிட்டார். ஒரு மாசமா ராத்திரி பகலா வீடியோ பாக்கறார்."

கடைசியில், ஒருவரையொருவர் சங்கடப்படுத்த வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீசினார்கள். இரண்டு குண்டுகளும் அந்தரத்தில் சந்தித்தன. நரம்புகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு, அலைக்கு இந்தப் பக்கமே, ஈர மணலில் குருவிக்கூடு மாதிரி சுருண்டு விழுந்தன. அந்தப் பக்கம் வலை சரிசெய்துகொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்தார்கள்.

மாமனாரும் மாப்பிள்ளையும் அந்தச் சிக்கலுக்கு இரண்டு பக்கமும் மணலில் உட்கார்ந்தார்கள். பின்னல் நரம்பு சிக்கினால் சுலபத்தில் விடாது. ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் நுனியை நுழைத்து எடுக்க வேண்டும்.

"இதை இப்படி விடலாமா மாமா?"

"தெரியலையேப்பா. விட்டுப் பாப்போம்."

"மாமா... எனக்கும் இது ஒண்ணும் தெரியாது."

டோக்கன் சார் நிமிர்ந்து பார்த்தார். "நிஜமாவா?" என்றார். "எனக்கும்தான்!" அப்புறம் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ரிஜிஸ்தர் ஆபீசில் பாக்கி வைத்ததையும் சேர்த்துச் சிரித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்டீபன் மெதுவாகச் சொன்னான்: "உங்களுக்கு என் மேல கோவம்னு நெனச்சேன் மாமா."

"கோவமா?" டோக்கன் சார் நிஜமாகவே யோசித்தார். "கோவப்படணுமா வேண்டாமான்னு நான் இன்னும் தீர்மானமே பண்ணலையேப்பா. அதுக்குள்ள உங்களைப் பிடிச்சுப் போச்சு."

அந்தப் பையன் குனிந்து நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் விரல்கள் எதையும் பிரிக்கவில்லை. மாமி எழுந்து போய், யாருக்கும் தெரியாமல் சிக்கலின் ஒரு நுனியை இன்னும் கொஞ்சம் உள்ளே செருகிவிட்டு வந்ததை நான் பார்த்தேன். வெளிச்சம் போகும் வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை.

இப்போது டோக்கன் சார் ரிடையர் ஆகிவிட்டார். மாதத்தில் பாதி நாள் காரைக்காலில்தான். இன்னும் ஒரு மீன்கூட மாட்டியதில்லை. மாட்டாது, முள் கட்டினால்தானே! ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்வார். பின்னால் அலைச் சத்தம் கேட்கும். "ரவி, காத்து கிழக்கேருந்து வரது. குண்டு கொஞ்சம் கனமா மாத்தணுமாப்பா?" என்பார். எனக்கு என்ன தெரியும்? "மாத்துங்க சார்" என்பேன். "மாப்பிள்ளை வேண்டாம்கறாரே" என்பார். "அப்ப வேண்டாம் சார்" என்பேன். திருப்தியாக வைத்துவிடுவார்.

போன வாரம் போன் வரவில்லை. பத்து மணி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே கூப்பிட்டு அங்கே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டேன்.